அம்மாவின் ஸ்கேனில் "பெரிவாஸ்குலர் ஸ்பேசஸ்" என்று இருக்கிறது. மூளை நீர் ஓட்டம் குறைந்தால் அல்சைமர் வருமா?

வெள்ளவத்தை மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வருகிற ஆவணியில் 76 முடிகிறது. அப்பா போய் ஆறு வருஷம். நானும் அம்மாவும் மெரின் டிரைவ் பக்கமாக ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். அண்ணா குடும்பத்தோடு டொரொண்டோவில்.

போன தை மாதத்திலிருந்து அம்மாவிடம் ஒரு மாற்றம். சொதிக்கு உப்புப் போட்டாரா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் தரமும் போட்டுவிடுவார். பிறகு கொஞ்ச நாள் அந்தப் பிழை வரவில்லை. நானும் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஒரு நாள் குசினியைத் துப்புரவாக்கும்போது உப்புப் போத்தல் தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது, நிமிர்த்தி வைத்தேன். அன்று சொதியை வாயில் வைக்க முடியவில்லை. அப்போதுதான் விளங்கியது. உப்புப் போட்டவுடன் போத்தலைக் கவிழ்த்து வைப்பதை அம்மா ஓர் அடையாளமாக வைத்திருந்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனக்குள்ளேயே வைத்துச் சமாளித்திருக்கிறார்.

ஒரு நரம்பியல் டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டினோம். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டில் மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றும், "பெரிவாஸ்குலர் ஸ்பேசஸ்" அகன்றிருக்கின்றன என்றும் இருந்தது. டொக்டர் பார்த்துவிட்டு "வயசுக்கு ஏற்றதுதான்" என்றார். அதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தால், அந்த இடைவெளிகள் வழியாகத்தான் மூளையின் அழுக்கு வெளியேறுகிறது, வயது போனால் அந்த ஓட்டம் குறைகிறது, அதனால் அல்சைமர் வருகிறது என்று போட்டிருக்கிறார்கள். அன்று முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை. பெரியம்மா கொக்குவிலில் கடைசி நான்கு வருஷம் பெற்ற பிள்ளைகளையே தெரியாமல் இருந்துதான் போனவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அம்மாவுக்கு இரவு ஒழுங்காக நித்திரை இல்லை. பதினொன்றரைக்கு அண்ணா வேலை முடிந்து எடுப்பார், அதற்காக முழித்திருப்பார். பிறகு மூன்று மணிக்கெல்லாம் எழும்பி நடக்கிற செருப்புச் சத்தம் கேட்கும். அதுவும் இதற்குச் சம்பந்தமா? பிரஷருக்கு 15 வருஷமாக மருந்து எடுக்கிறார். சீனி வருத்தம் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பம்பலப்பிட்டி டீச்சர்:

பிள்ளை, அந்த உப்புப் போத்தலை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். என்னவருக்கும் அல்சைமர்தான். ஏழு வருஷம் நான் தனியப் பார்த்தேன். 2021 இல் போய்விட்டார். அதற்கு முன் 28 வருஷம் ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பித்தவள். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை.

முதலில் ரிப்போர்ட். மூளைக்குள் இறங்குகிற சிறிய இரத்தக் குழாய் ஒவ்வொன்றையும் சுற்றி ஓர் உறை மாதிரி இடைவெளி இருக்கிறது. விர்ச்சோ, ரொபின் என்ற இருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்தார்கள். அது அகன்றால் எம்.ஆர்.ஐ.யில் சின்னப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். எழுபது தாண்டியவர்களிடம் இது மெத்தச் சாதாரணம். கனகாலம் பிரஷர் இருந்தவர்களிடம் இன்னும் கூடுதலாகத் தெரியும். அந்த ஒரு வரியை வைத்து யாரும் அல்சைமர் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உங்கள் டொக்டர் சொன்னது பிழையில்லை. ஆறுதலாக இருந்து விளக்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

இனி அந்த நீர். எங்கள் பாடத்தில் அதற்கு "மூளைய முண்ணாண் பாய்பொருள்" என்று பெரிய பெயர். வளர்ந்தவர் ஒருவரின் உடம்பில் அது சுமார் 150 மில்லிலீற்றர்தான் இருக்கும், ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. ஆனால் ஒரு நாளைக்குச் சுரப்பது 500 மில்லிலீற்றர் அளவில். அப்படியென்றால் உள்ளே இருப்பது முழுவதும் நாளுக்கு மூன்று, நான்கு தரம் புதிதாகிறது. மூளைக்கு அடிபடாமல் காக்கிற மெத்தை என்றுதான் நான் அத்தனை வருஷமும் படிப்பித்தேன். அது மூளையைக் கழுவவும் செய்கிறது என்ற விஷயம் நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 2012 இல்தான் அமெரிக்காவின் ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்டும் ஜெஃப்ரி இலிஃபும் சேர்ந்த குழு எலிகளில் அந்த ஓட்டத்தைக் காட்டி, கிளிம்ஃபாட்டிக் தொகுதி என்று பெயர் வைத்தது. நாடிகளைச் சுற்றியுள்ள உறை வழியாக நீர் உள்ளே போகிறது, மூளைத் திசுவுக்குள் பரவுகிறது, கழிவை இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்தக் கழிவில் ஒன்றுதான் அமிலோய்ட் பீட்டா என்கிற புரதம். அல்சைமர் மூளையில் கட்டி கட்டியாகப் படிந்து கிடப்பது அதுதான்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கால்வாய் இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் ஓட மேலேயிருந்து ஒரு தள்ளு வேண்டும், வழியில் மதகுகள் திறந்திருக்க வேண்டும், கடல் வாயில் மணல் அடைத்திருக்கக் கூடாது. மூளையில் அந்தத் தள்ளைக் கொடுப்பது நாடித்துடிப்பு. வயது போகப் போக நாடிச் சுவர் விறைத்துப் போகிறது, பிரஷர் இருந்தால் இன்னும் கெதியாக, தள்ளு குறைகிறது. மதகு என்பது அக்குவாபோரின்-4 என்ற நீர் வாயில். (அக்குவாபோரின்களைக் கண்டுபிடித்ததற்கு பீட்டர் அக்ரேக்கு 2003 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வருஷம் வகுப்பில் அதைச் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம்.) நட்சத்திர வடிவக் கலங்களின் கால்கள் இரத்தக் குழாயைத் தொடுகிற இடத்தில்தான் இந்த வாயில்கள் வரிசையாக இருக்கவேண்டும். முதுமையில் அவை அந்த இடத்தை விட்டு அங்கும் இங்கும் சிதறிவிடுகின்றன. கடல் வாய் மாதிரி இருப்பவை மூளையுறையில் உள்ள நிணநீர்க் குழாய்கள். இவற்றை 2015 இல்தான் தெளிவாகக் காட்டினார்கள். 2018 இல் கிழட்டு எலிகளில் அந்தக் குழாய்கள் மெலிந்து, வடிவது குறைந்திருப்பதைக் கண்டார்கள்.

மனிதரில் எவ்வளவு குறைகிறது என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முள்ளந்தண்டு நீரை எடுத்து அளந்தார்கள், 2015 இல் வந்தது. அமிலோய்ட் பீட்டாவில் பாதி வெளியேற முப்பது வயதுக்காரருக்கு 3.8 மணித்தியாலம். எண்பது வயதில் 9.4 மணித்தியாலம். இந்த இரண்டு இலக்கத்தையும் முதன்முதல் வாசித்த அன்று என்னவரின் கதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் பிள்ளை, "வருமா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஓட்டம் குறைவது ஒரு பாதை. அதுவே வருத்தம் இல்லை. எல்லாக் கிழவருக்கும் ஓட்டம் குறைகிறது, எல்லாக் கிழவருக்கும் அல்சைமர் வருவதில்லை. அமிலோய்ட் குழாய்ச் சுவரில் படிந்தால் அதுவும் ஓட்டத்தை மறிக்கும். எது முதல், எது பிறகு என்று பிரிப்பது கஷ்டம். நான் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு ஆய்வு உண்டு, ஓரிகனில் 2017 இல் செய்தது. இறந்தவர்களின் மூளைகளை எடுத்துப் பார்த்தபோது, 85 வயது தாண்டியும் புத்தி தெளிவாக இருந்தவர்களிடம் அந்த நீர் வாயில்கள் இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தன. ஆகவே வயது எல்லோரையும் ஒரே மாதிரித் தேய்ப்பதில்லை.

நித்திரைக்கு வருகிறேன். நீங்கள் கடைசியில் "இன்னொன்றும்" என்று எழுதியதுதான் எனக்கு முதல் விஷயம். 2013 இல் அதே ரொசெஸ்டர் குழு, எலி நித்திரை கொள்ளும்போது கலங்களுக்கு இடையில் உள்ள வெளி 60 சதவீதம் வரை அகல்வதைக் கண்டது. 2019 இல் பொஸ்டனில் மனிதரை ஸ்கேனுக்குள்ளேயே நித்திரை கொள்ளவிட்டுப் பார்த்தார்கள். ஆழ்ந்த நித்திரையின் மெதுவான அலை வந்தால், அதன் பின்னால் அந்த நீர் அலையாக உள்ளே வருகிறது. ஒஸ்லோவில், ஓர் இரவு முழுக்க முழித்தவர்களின் மூளையிலிருந்து, முள்ளந்தண்டு நீரில் ஏற்றிய சாயம் வெளியேறுவது பிந்தியது. மறுநாள் நித்திரை கொண்டும் அது ஈடாகவில்லை. வயதானவர்களுக்கு அந்த ஆழ்ந்த நித்திரைதான் முதலில் குறைகிறது. பதினொன்றரை வரை முழித்து, மூன்று மணிக்கு எழும்பினால் உங்கள் அம்மாவுக்கு அதில் எவ்வளவு மிஞ்சும்?

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். என்னவர் இரவில் எழும்பி வீட்டுத் திறப்புகளை எல்லாம் கட்டிலில் பரப்பி எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு ஃபார்மசியில் கேட்டு, தடிமலுக்குக் கொடுக்கிற சின்ன மஞ்சள் மாத்திரை, குளோர்பெனிரமின், அதை நித்திரைக்காக ஒவ்வொரு இரவும் கொடுத்தேன். மூன்று மாதம். படுத்தார், ஆனால் விடிய எழும்பும்போது நான் யாரென்று தடுமாறினார். அந்த மாத்திரை, ஞாபகத்துக்கு வேண்டிய அசெற்றைல்கோலின் என்ற மூளை இரசாயனத்தின் வேலையை மறிக்கிறது. அல்சைமர்காரருக்கு ஏற்கெனவே குறைந்துபோயிருப்பது அதுதான். நிறுத்தியதும் அந்தக் காலைத் தடுமாற்றம் பாதி விலகியது. உயிரியல் படிப்பித்தவள் நான், கேட்டிருக்கவேண்டும். நீங்கள் எந்த நித்திரை மாத்திரையையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

இரவு டியூட்டி தாதி:

டீச்சர் எழுதியதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. வார்டில் 19 வருஷம் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அக்கா, அம்மாவின் கிளினிக் கொப்பியை எடுத்து, பிரஷர் மருந்துகளில் சலம் போக வைக்கிற மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை எந்த நேரம் எடுக்கிறார் என்றும் பாருங்கள். அதை இரவில் எடுத்தால் மூன்று மணிக்கு எழும்பத்தான் செய்வார். நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், நீங்களாக மாற்றவேண்டாம்.

குறட்டை விடுவாரா? குறட்டை இடையில் சட்டென்று நின்று, பிறகு திணறி மூச்சு எடுப்பாரா? அப்படியென்றால் ஸ்லீப் அப்னியாவாக இருக்கலாம். அதற்குச் சோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு. ஃபோனில் ஓர் இரவு சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோனால் டொக்டருக்கு லேசு.

பிரஷரை "மருந்து எடுக்கிறார்தானே" என்று விட்டுவிடாதீர்கள். அளவு என்ன என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் 9,300 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த ஸ்பிரின்ட் மைன்ட் ஆய்வு 2019 இல் வந்தது. மேல் பிரஷரை 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களில், 140க்குக் கீழே வைத்தவர்களைவிட, ஆரம்பநிலை மறதி வருவது 19 சதவீதம் குறைவாக இருந்தது. அன்றாட அலுவலையே பார்க்க முடியாமல் போகிற முழு டிமென்ஷியாவில் அந்த வித்தியாசம் உறுதியாகத் தெரியவில்லை. உங்கள் அம்மாவுக்கு எந்த அளவு சரி என்பது அவரைப் பார்க்கிற டொக்டர் முடிவு செய்யவேண்டியது. சும்மா குறைத்தால் தலை சுற்றி விழுவார்கள், இடுப்பு உடைந்து வருகிறவர்களை நான் கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன். காதையும் ஒருக்கால் சோதியுங்கள். காது கேட்காததை மறதி என்று நினைத்துக் கொண்டுவருபவர்கள் நிறையப் பேர்.

கொட்டாஞ்சேனை தம்பி:

அக்கா, அம்மாவின் நடை எப்படி? இதை ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் அப்பாவுக்கும் மறதி என்றுதான் தொடங்கியது. பிறகு பார்த்தால் நடக்கும்போது கால் நிலத்தில் ஒட்டிக்கொண்டது மாதிரி. வாசற்படியில் நின்று கொண்டே இருப்பார், முதல் அடி வராது. ஜெம்பட்டா வீதியைக் கடக்க நான் கையைப் பிடித்தாலும் குறுகக் குறுகக் கால் வைப்பார். பிறகு சலம் அடக்க முடியாமல் போனது. ஒரு டொக்டர் வயசு என்றார், இன்னொருவர் பார்க்கின்சன் என்று மருந்து கொடுத்தார், ஒன்றும் சரிவரவில்லை. ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

கடைசியில் ஒருவர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மூளை அறைகளில் நீர் தேங்கியிருக்கிறது என்றார். நோர்மல் பிரஷர் ஹைட்ரோசெஃபலஸ். 1965 இல் கொலம்பியா நாட்டு டொக்டர் சலமோன் ஹக்கீம் எழுதிவைத்த வருத்தம். நடை, சலம், மறதி மூன்றும் சேர்ந்து வரும். ஊசியால் முள்ளந்தண்டு நீர் 40 மில்லிலீற்றர் அளவு எடுத்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். அன்று பின்னேரம் அப்பா வார்டு வாசல் வரை தானாக நடந்தார். நான் அழுதுவிட்டேன். பிறகு தலையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்தார்கள். நடை நன்றாகத் திரும்பியது, சலமும் பரவாயில்லை. மறதி கொஞ்சம்தான் குறைந்தது, ஆனாலும் பேப்பர் வாசிக்கிறார். எல்லோருக்கும் இப்படிச் சரிவரும் என்றில்லை. ஆனால் மூளை நீர் என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன்: நடையைப் பாருங்கள், இருந்தால் பிந்த விடாதீர்கள்.

தெஹிவளை வாசகன்:

டீச்சர், மரியாதையோடு ஒரு கேள்வி. 2024 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் எலிகளுக்குச் சாயம் போட்டுப் பார்த்ததில், நித்திரையிலும் மயக்க மருந்து கொடுத்தபோதும் மூளையிலிருந்து சாயம் வெளியேறுவது குறைந்தது என்றல்லவா வந்தது? அப்படியென்றால் "நித்திரையில் மூளை கழுவப்படுகிறது" என்பதை இவ்வளவு உறுதியாகச் சொல்லலாமா? பக்கவாட்டில் படுத்தால் நல்லது என்றும் எங்கும் போடுகிறார்கள். அது எலியில் பார்த்ததுதானே?

பம்பலப்பிட்டி டீச்சர்:

கேட்டது நல்லது. ஆம், பேராசிரியர் நிக் ஃபிராங்ஸ் குழு அப்படித்தான் கண்டது. அளந்த முறையைப் பற்றி இரண்டு பக்கமும் இன்னும் வாதம் நடக்கிறது. பக்கவாட்டில் படுப்பதும் 2015 இல் எலியில் பார்த்ததுதான். அம்மாவைத் தட்டி எழுப்பித் திருப்பிப் படுக்கவைக்காதீர்கள் பிள்ளை, அந்த நித்திரையும் கெடும்.

எப்படிக் கழுவுகிறது என்பதில்தான் சண்டை. நித்திரை கெட்டால் கூடாது என்பது வேறு வழியாகவும் தெரிகிறது. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 8,000 அரசாங்க ஊழியர்களை 25 வருஷம் பின்தொடர்ந்தார்கள். ஐம்பது, அறுபது, எழுபது வயதுகளில் தொடர்ந்து ஆறு மணித்தியாலமோ குறைவாகவோ நித்திரை கொண்டவர்களுக்கு, ஏழு மணித்தியாலம் கொண்டவர்களைவிட டிமென்ஷியா 30 சதவீதம் கூடுதலாக வந்தது. 2021 இல் வெளியானது. அது காரணம் என்று நிரூபிக்காது. ஆனால் நான் ஒரு பிள்ளையின் அம்மாவுக்குப் பதில் எழுதுகிறேன், பரீட்சைக்கு இல்லை. நல்ல இரவு ஒன்றால் அவருக்கு ஒரு தீங்கும் வராது.

மருதானையில் லங்கா அல்சைமர் ஃபவுண்டேஷன் இருக்கிறது. ஞாபகப் பரிசோதனை செய்கிறார்கள், பார்த்துக்கொள்பவர்களோடும் ஆறுதலாகக் கதைப்பார்கள். என்னவரோடு நான் மிகப் பிந்தித்தான் போனேன். நீங்கள் இப்போதே ஒருக்கால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெள்ளவத்தை மகள்:

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், மன்னிக்கவேண்டும்.

தாதித் தங்கச்சி சொன்னதுபோல் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். சலம் போகிற மாத்திரைக்கு நேரே "காலை" என்றுதான் எழுதியிருக்கிறது. அம்மா அதைக் காலையில் மறந்துவிட்டு, ஞாபகம் வரும்போது இரவில் போட்டிருக்கிறார். எத்தனை மாதமாக என்று தெரியாது. டொக்டரிடமும் சொன்னேன். இப்போது காலைத் தேத்தண்ணியோடு நானே கையில் கொடுக்கிறேன். மூன்று மணிக்கு எழும்புவது கிழமைக்கு இரண்டு நாளாகக் குறைந்திருக்கிறது. குறட்டை பதிவு செய்தேன், இடையில் நிற்கவில்லை. நடை நன்றாக இருக்கிறது, மயூரபதி அம்மன் கோயில் வரை என்னைவிடக் கெதியாக நடக்கிறார். தம்பிக்கு நன்றி, அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மருதானைக்கும் போனோம். ஆரம்பநிலை மறதி என்றுதான் நினைக்கிறார்கள், ஆறு மாதத்தில் திரும்பவும் பார்க்கவேண்டும். டீச்சர், அந்த 3.8, 9.4 இரண்டையும் நான் ஒரு துண்டில் எழுதி வைத்திருக்கிறேன். அண்ணாவுக்கு ஃபோனில் அதைத்தான் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நான் எடுக்கிறதுக்காகத்தான் அம்மா முழிச்சிருக்கிறாவா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் வேலைக்குப் போக முதல், அங்கே காலை ஆறு மணிக்கு எடுக்கிறார். இங்கே பின்னேரம் மூன்றரை. அம்மா முகம் கழுவி, பொட்டு வைத்து, மூன்று மணிக்கே ஃபோனுக்கு முன்னால் வந்து இருந்துவிடுகிறார். இரவு ஒன்பதரைக்கு அறை லைட்டை அணைத்துவிடுகிறோம். உப்புப் போத்தல் இன்னும் கவிழ்ந்துதான் கிடக்கிறது, நான் அதைத் தொடுவதில்லை.